புது ப்ரின்சிபலிடம் லைப்ரரி விஷயங்களை எப்படிக் கொண்டுபோவது? (கோத்தகிரி, சிபிஎஸ்இ பள்ளி)

கேள்வி: கோத்தகிரி நூலகர்

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் நூலகராக இருக்கிறேன். 6 முதல் 12 வரை 640 பிள்ளைகள், 9,200 புத்தகங்கள். ஆள் நான் ஒருத்திதான். இந்தக் கல்வியாண்டு தொடக்கத்தில் புது ப்ரின்சிபல் மேடம் வந்திருக்கிறார். நல்லவர், போய்ச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார். ஆனால் சொன்னது எதுவும் நடப்பதில்லை. நான்கு விஷயங்கள் தேங்கி நிற்கின்றன.

லைப்ரரி பீரியட்: 6 முதல் 9 வரை 12 செக்‌ஷன்களுக்கு வாரம் ஒன்று என்று டைம்டேபிளில் இருக்கிறது. பரீட்சை நெருங்கினால் கணக்குக்கும் சயின்ஸுக்கும் போய்விடுகிறது. மழை லீவு விட்டால் அதை ஈடுகட்ட முதலில் கை வைப்பதும் இதில்தான். யாராவது டீச்சர் வரவில்லை என்றால் என்னை அந்த வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த நேரம் லைப்ரரி பூட்டு.

பணம்: லைப்ரரிக்கென்று தனி ஒதுக்கீடு இல்லை. கேட்கும்போது "பார்க்கலாம்", ஆண்டுக் கடைசியில் "இருப்பதை உடனே வாங்குங்கள்".

ஸ்டாக்: சரிபார்ப்பில் 63 புத்தகங்கள் குறைகின்றன. சம்பளத்தில் பிடிக்கலாம் என்று ஆபீஸில் பேச்சு.

பூசணம்: அக்டோபர், நவம்பர் மழைக்குப் பிறகு வடக்குச் சுவர் ஓரமாக இருக்கும் ரேக்குகளில் அட்டை எல்லாம் வெள்ளை படர்ந்து கிடக்கிறது. பீரோவில் வைத்துப் பூட்டி, பாச்சை உருண்டை போடச் சொல்கிறார்கள்.

இதில் எதை முதலில் எடுக்க வேண்டும், எதை வாயால் சொல்ல வேண்டும், எதை எழுதிக் கொடுக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: குன்னூர், ஓய்வுபெற்ற பள்ளி நூலகர்

வணக்கம் அம்மா. நான்கையும் ஒரே நாளில் கொண்டுபோகாதீர்கள். நான்கு குறையைச் சேர்த்துக் கேட்கும் ப்ரின்சிபலுக்கு "லைப்ரரியில் ஏகப்பட்ட பிரச்சினை" என்பது மட்டும்தான் மனதில் தங்கும். ஒரு தடவைக்கு ஒரு விஷயம், ஒரு பக்கம், கீழே அவர் கையெழுத்துப் போட இடம். கையெழுத்தான தாளை மட்டும்தான் ஆபீஸும் டைம்டேபிள் இன்சார்ஜும் மதிப்பார்கள். ரூமை விட்டு வெளியே வந்தால் எதுவும் மாறாததற்குக் காரணம் அதுதான். மேடம் தலையாட்டியிருப்பார், அந்தத் தலையாட்டல் காலை எட்டரை மணிக்கு சப்ஸ்டிடியூஷன் (வராத டீச்சருக்குப் பதில் ஆள்) போடுகிறவருக்குப் போய்ச் சேரவில்லை.

வரிசை என்றால் பூசணம் முதலில். மற்றவை காத்திருக்கும், அது காத்திருக்காது. பூட்டிய பீரோ அதை வளர்க்கும் இடம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் போய், காற்றோட்டமும் இல்லாமல் சில நாள் நின்றால் போதும், பூசணம் பிடித்துக்கொள்ளும். பாச்சை உருண்டை பூச்சிக்கு உள்ளது. பூசணத்தை ஒன்றும் செய்யாது. பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிற அறையில் அந்த நெடி இருக்கவும் கூடாது.

செய்ய வேண்டியது இது. பாதித்த புத்தகங்களை இன்றைக்கே தனியாகப் பிரியுங்கள். பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். அட்டைப்பெட்டியோ பிரவுன் பேப்பரோ போதும். வேறொரு காய்ந்த அறையில் புத்தகங்களை விசிறி போல லேசாக விரித்து நிறுத்தி, மின்விசிறிக் காற்று நேரே அடிக்காமல் அறையில் சுற்றும்படி வையுங்கள். நன்றாகக் காயும்வரை துடைக்கக் கூடாது. ஈரத்தோடு துடைத்தால் பூசணம் காகிதத்துக்குள் இழைந்து கறையாகிவிடும். காய்ந்து, தொட்டால் மாவு போல உதிரும் நிலை வந்ததும், வெயில் நாளில் வெளியே திறந்த இடத்துக்குக் கொண்டுபோய், மெல்லிய பிரஷ்ஷால் உங்களை விட்டு வெளிப்பக்கமாகத் தள்ளித் துடைக்க வேண்டும். என்95 மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்களையும் பிள்ளைகளையும் இந்த வேலையில் சேர்க்கவே கூடாது. புத்தகத்தை மணிக்கணக்கில் நேர் வெயிலில் போட்டால் அட்டை வளைந்து, நிறம் வெளுத்துவிடும். நிழலும் காற்றும்தான் வேண்டியது. ரேக்கின் தட்டுகளை சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, முழுக்க உலர்ந்த பிறகே அடுக்குங்கள். பளபளப்புத் தாளில் அச்சிட்ட என்சைக்ளோபீடியா மாதிரிப் புத்தகம் நனைந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்கப் போராட வேண்டாம். நீக்கல் பட்டியலில், அதாவது இருப்பிலிருந்து கழிக்கும் புத்தகங்களின் பட்டியலில், சேர்த்துவிடுங்கள்.

காரணத்தையும் பாருங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு பனிக்காலம் வருகிறது. வெளிச்சுவர் இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கும். பகலில் 38 பிள்ளைகள் வந்து உட்கார்ந்து மூச்சு விட்டால் அந்த ஈரக்காற்று போய்ப் படிவது அந்தச் சுவரில்தான். அதை ஒட்டி ரேக் இருந்தால் புத்தகத்தின் முதுகுப் பக்கம் நனையும். ரேக்கைச் சுவரிலிருந்து குறைந்தது 8 செ.மீ. தள்ளுங்கள். பின்பக்கம் தகடு அடைத்த ரேக் என்றால் தகட்டைக் கழற்ற முடியுமா பாருங்கள். கீழ்த் தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். தட்டில் புத்தகத்தை நெருக்கித் திணிக்காதீர்கள், ஒரு விரல் நுழைகிற தளர்ச்சி வேண்டும். மூடுபனி இறங்கும்போது ஜன்னலைத் திறந்து "காற்று வரட்டும்" என்று விடுவது இங்கே எல்லாரும் செய்கிற தவறு, வருவது ஈரம்தான். வெயில் தெளிந்த நாளில் 11 மணியிலிருந்து 3 மணிவரை திறந்து, வெயில் இறங்குமுன் மூடிவிடுங்கள். ரூம் ஹீட்டரைப் பகலில் போட்டு மாலையில் அணைத்தால், ராத்திரி அறை குளிர்ந்ததும் அதே ஈரம் சுவரில் படியும். ஹீட்டர் இதற்குத் தீர்வே அல்ல.

ப்ரின்சிபலோடு உறவு என்று கேட்டவருக்குப் பூசணத்தைப் பற்றி இவ்வளவு எதற்கு என்று நினைக்க வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கும். பாதித்த ரேக் அருகே ஒன்று, அறை நடுவே ஒன்று வைத்து, இரண்டு வாரம் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் அளவை எழுதுங்கள். சுவரோரம் 78, நடுவில் 66 என்று தேதிவாரியாக ஒரு பக்கம் இருந்தால், ரேக்கைத் தள்ள ஆள் கேட்பதும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் கேட்பதும் உங்கள் சொந்த விருப்பமாகத் தெரியாது, கட்டடப் பராமரிப்பாகத் தெரியும். கட்டடம் ப்ரின்சிபலின் நேரடிப் பொறுப்பு. அந்தத் தலைப்பில் வரும் தாளை அவர் தள்ளிப்போட மாட்டார்.

63 புத்தக விஷயத்துக்கு வருமுன் இரண்டு தகவல் வேண்டும். கடைசியாக முழுச் சரிபார்ப்பு எப்போது நடந்தது? ஓர் ஆண்டில் எத்தனை புத்தகம் வெளியே போகிறது?

பதில் 2: கொடைக்கானல், பள்ளி முதல்வர்

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

ப்ரின்சிபல் லைப்ரரியைப் பார்க்கிற நேரம் பெரும்பாலும் மதிய இடைவேளைதான், வராந்தாவில் ரவுண்ட் வரும்போது. அந்த நேரத்தில் கதவு பூட்டியிருந்தால் அவர் மனதில் பதிவது பூட்டிய லைப்ரரி. நீங்கள் சாப்பிடப் போயிருப்பீர்கள், நியாயம்தான். ஆனால் பிள்ளைகள் தாங்களாக விரும்பி வரக்கூடிய ஒரே நேரமும் அதுதான். உங்கள் சாப்பாட்டு நேரத்தை ஒரு பீரியட் முன்னதாகவோ பின்னதாகவோ மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். செலவில்லாத கோரிக்கை, மறுக்கக் காரணம் இருக்காது. இடைவேளையில் உள்ளே 40 பிள்ளைகள் நிற்பதை ஒரு ப்ரின்சிபல் இரண்டு வாரம் தொடர்ந்து பார்த்தால், அதன் பிறகு உங்களை சப்ஸ்டிடியூஷனுக்கு அனுப்பக் கொஞ்சம் யோசிப்பார்.

லைப்ரரி பீரியடில் மூன்று வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன, பிரித்துப் பேசுங்கள். பீரியடையே வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்வது ஒன்று. உங்களை வேறு வகுப்புக்கு அனுப்புவது இன்னொன்று. டீச்சர் வராத வகுப்பை லைப்ரரிக்கு அனுப்பி உட்கார வைப்பது மூன்றாவது. மூன்றாவதை எதிர்க்காதீர்கள். உண்மையில் அதையே உங்கள் பேரமாக வையுங்கள்: "என்னை வகுப்புக்கு அனுப்ப வேண்டாம், வகுப்பை என்னிடம் அனுப்புங்கள். அந்த நேரம் அட்டவணைப்படி வேறு வகுப்பு இல்லை என்றால் எடுத்துக்கொள்கிறேன். வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம்." ப்ரின்சிபலுக்குத் தேவை, ஆளில்லாத வகுப்பில் ஒரு பெரியவர் இருப்பது. அது இதில் நிறைவேறுகிறது, லைப்ரரியும் திறந்திருக்கிறது.

முதலாவதற்கு வழி, எடுத்த பீரியடை அதே வாரத்தில் திருப்பித் தர வேண்டும் என்ற ஒற்றை வரி உத்தரவு. மழை லீவுக்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி வைத்தால், எந்தக் கிழமை டைம்டேபிளை ஓட்டுகிறோமோ அதை முழுசாக ஓட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். டைம்டேபிள் போடும்போதே கடைசி இரண்டு பீரியடில் லைப்ரரியை வைக்கக் கூடாது. ஸ்போர்ட்ஸ் டே ப்ராக்டிஸ், பஸ் சீக்கிரம் கிளம்புவது, மழை என்று எல்லாவற்றுக்கும் முதல் பலி அந்த பீரியட்கள்தான். இதை டைம்டேபிள் இன்சார்ஜிடம் மார்ச்சில் சொல்ல வேண்டும், ஜூனில் சொல்லிப் பயன் இல்லை.

பணம். நிறையப் பள்ளிகளில் ப்ரின்சிபலிடம் பணம் இல்லை என்பதை நூலகர்கள் மறந்துவிடுகிறார்கள். முடிவு தாளாளருடையது அல்லது நிர்வாகக் குழுவுடையது. ப்ரின்சிபல் உங்களுக்காக அங்கே போய்ப் பேச வேண்டும். அவர் கையில் எடுத்துப் போகிற மாதிரி ஒரு தாள் நீங்கள் தந்தால்தான் பேச முடியும். "புத்தகத்துக்கு ஒரு லட்சம்" என்று வெறுமனே எழுதினால் பாதியாக வெட்டுவார்கள். பிரித்து எழுதுங்கள்: புதுப் புத்தகம், பத்திரிகைச் சந்தா, பைண்டிங் மற்றும் பராமரிப்பு, நடுவில் வரும் தேவைக்குக் கொஞ்சம் கையிருப்பு. என் கணக்கில் 60, 15, 15, 10 என்ற விகிதம் ஓரளவு ஒத்துவரும். சந்தாவும் பைண்டிங்கும் வெட்ட முடியாத செலவு என்று தனியாகத் தெரிவதே ஒரு பாதுகாப்பு. அதோடு, ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஜூலைக்குள்ளும், இன்னொரு பங்கை ஜனவரி புத்தகக் காட்சி சமயத்திலும் செலவிட அனுமதி கேளுங்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் 10 சதவீதத் தள்ளுபடி வழக்கமாக உண்டு. மார்ச் கடைசி வாரத்தில் அவசரமாக வாங்கினால் விற்காமல் கிடப்பதெல்லாம் மலையேறி உங்களிடம் வரும்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. தாளாளர் கேம்பஸுக்கு வரும்போது ப்ரின்சிபலைத் தாண்டி அவரிடம் நேரே லைப்ரரிக் குறையைச் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கு வேலை முடியலாம். அடுத்த மூன்று ஆண்டு முடியாது.

பெற்றோர் புகாருக்கும் முன்கூட்டியே வழி செய்துவையுங்கள். "இந்தப் புத்தகத்தை எப்படிப் பிள்ளைக்குக் கொடுத்தீர்கள்" என்று ஒரு பெற்றோர் மொபைலில் பக்கத்தைப் படம் பிடித்து வந்து நிற்கும்போது, ப்ரின்சிபலுக்கு அந்த நிமிடம் எளிதான வழி புத்தகத்தை எடுத்துவிடச் சொல்வது. அதற்கு முன்பே நூல் தேர்வுக் கொள்கை என்று ஒரு பக்கம் அவர் கையெழுத்தோடு இருந்தால், நீங்கள் இருவரும் ஒரே பக்கத்தில் நிற்பீர்கள். அதில் வேண்டியது: எந்த வகுப்புக்கு எந்த வகை, யார் தேர்வு செய்கிறார்கள், புகார் எழுத்தில்தான் வர வேண்டும், புகார் கொடுப்பவர் முழுப் புத்தகத்தையும் படித்தாரா என்ற கேள்வி, குழு படித்து 15 நாளில் பதில் தரும், அதுவரை புத்தகம் அலமாரியில்தான் இருக்கும். நன்கொடைப் புத்தகங்களும் இதே வடிகட்டி வழியாக வரட்டும். எஸ்டேட் பங்களா காலி செய்யும்போது பெட்டி பெட்டியாகப் பழைய புத்தகம் வரும். ப்ரின்சிபல் மரியாதைக்காக "சரி" என்றிருப்பார், இடம் உங்களுக்குத்தான் போகும்.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரி நூலகர்

இருவருக்கும் மிக்க நன்றி. கேட்ட தகவல்: முழுச் சரிபார்ப்பு மூன்று ஆண்டுக்கு முன் நடந்தது. ஆண்டுக்குச் சுமார் 14,000 புத்தகங்கள் வழங்குகிறோம், ரிஜிஸ்டரில் இருக்கிறது. குறையும் 63-இல் இரண்டு மட்டும் 1,000 ரூபாய்க்கு மேல் விலை உள்ளவை.

இன்னொரு கேள்வி. அரை அறையைக் காலி செய்து கம்ப்யூட்டர் போட்டு "டிஜிட்டல் லைப்ரரி" ஆக்கலாம் என்று மேடம் நினைக்கிறார். அறை 14 மீட்டருக்கு 8 மீட்டர். இதை எப்படி அணுகுவது?

பதில் 3: கூடலூர், அரசுப் பள்ளி ஆசிரியர், நூலகப் பொறுப்பு

எங்க பக்கத்து நிலைமையையும் சொல்றேங்க, தனியார் பள்ளிக்காரங்களுக்கும் உதவும். பெரும்பாலான அரசுப் பள்ளியில நூலகர்னு தனிப் பணியிடமே கிடையாது. ஒரு ஆசிரியர் கூடுதல் பொறுப்பா பாக்குறதுதான். அதனால ப்ரின்சிபல்-நூலகர் உறவுங்கிறது இங்க ஹெச்.எம்.-பொறுப்பாசிரியர் உறவு.

சிக்கல் எங்கன்னா, மத்திய அரசோட பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷால வர்ற நூலக மானியம் பள்ளியோட நிலையைப் பொறுத்து 5,000-லிருந்து 20,000 ரூபாய் வரைக்கும். அந்தப் புத்தகம் வந்து சேர்ந்ததும் ஹெச்.எம். ரூம் பீரோவுக்குள்ள போயிடும். தணிக்கையில குறைஞ்சா யார் பதில் சொல்றதுங்கிற பயம். பயம் நியாயமானது, அதைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, நீக்கணும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல "படிக்கக் கொடுத்ததில் கிழிந்ததும் சிறிதளவு தொலைந்ததும் இயல்பான தேய்மானம், ஆண்டு இறுதியில் பட்டியலிட்டு நீக்கப்படும்"னு தீர்மானம் போட்டு மினிட் புக்ல ஏத்துங்க. அந்தத் தீர்மானம் இருந்தா எந்த ஹெச்.எம்.மும் சாவியைக் கொடுத்துடுவார்.

தமிழ்நாடு அரசோட வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படிநிலையா பிரிச்சுத்தான் தந்திருக்காங்க. அதை ஒரே பீரோவுல கலந்து வெச்சா அந்தப் பிரிவுக்கே அர்த்தமில்லாம போகுது. வகுப்பறையில கயிறு கட்டித் தொங்கவிட்டு, வாரம் ஒரு பிள்ளை பொறுப்புன்னு விடுங்க. ஒரே விஷயம், கூடலூர், பந்தலூர், தேவாலாவுல ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் ஓட்டுச் சந்துல சாரல் அடிக்கும். கயிறு வெளிச்சுவர்ல வேண்டாம், உள்சுவர்ல கட்டுங்க.

தேர்வு பத்தி ஒண்ணு. எங்க பிள்ளைங்க வீட்டுல பேசுறது பணிய மொழி, காட்டுநாயக்கர் மொழி, மலையாளம், இலங்கையிலேர்ந்து தாயகம் திரும்பினவங்க தமிழ்னு பல வகை. கோத்தகிரியில படுகர் பேசுற படுகு இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைங்கிறதால ஆறாம் வகுப்புக் கனத்துக்குப் புத்தகம் கொடுத்தா மூணாம் பக்கத்துல மூடிடும். படம் பெருசா, பக்கத்துக்கு நாலு வரி இருக்கிற புத்தகத்தைப் பெரிய வகுப்புக்கும் வாங்க ஹெச்.எம்.கிட்ட முன்கூட்டியே காரணம் சொல்லி வெச்சுக்கங்க. இல்லாட்டி "எட்டாம் வகுப்புக்குப் பொம்மைப் புத்தகமா"ன்னு பில்லை நிறுத்திடுவாங்க.

பதில் 4: குன்னூர், ஓய்வுபெற்ற பள்ளி நூலகர்

கூடலூர் ஆசிரியர் சொன்ன தீர்மானம்தான் உங்கள் 63-க்கும் சாவி.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் நூலகச் சரிபார்ப்புக்குத் தெளிவான அளவுகோல் இருக்கிறது. 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு. 20,000-லிருந்து 50,000 வரை என்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது. ஓர் ஆண்டில் வழங்கிய, எடுத்துப் பார்த்த நூல்கள் ஆயிரத்துக்கு ஐந்து வீதம் தொலைவது, அலட்சியமோ நேர்மையின்மையோ காரணமாக இல்லாதவரை, ஏற்கத்தக்க இழப்பு. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரணை. தனியார் பள்ளியை இது கட்டுப்படுத்தாது. ஆனால் ஆபீஸில் "எவ்வளவு குறையலாம்" என்ற பேச்சு வரும்போது கையில் பிடித்துக்கொள்ள இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

உங்கள் கணக்கு: 14,000-க்கு ஆயிரத்துக்கு ஐந்து என்றால் ஆண்டுக்கு 70. மூன்று ஆண்டுக்கு 210. உங்கள் குறை 63. சம்பளத்தில் பிடிப்பதற்கு இதில் எந்த முகாந்திரமும் இல்லை. ஆனால் விலை கூடிய அந்த இரண்டைப் பற்றி அவர்கள் கேட்குமுன் நீங்களே தனிக் குறிப்பு எழுதிவிடுங்கள்: கடைசியாக யாருக்கு, எந்தத் தேதியில் வழங்கப்பட்டது, என்ன தேடினீர்கள். 9,200 நூல் நூலகத்தில் மூன்று ஆண்டு சரிபார்ப்பு நடக்காதது உங்கள் பக்கத்துப் பலவீனம். இனி ஆண்டுதோறும், கோடை விடுமுறைக்கு முன் ஐந்து வேலை நாள் நூலகத்தை மூடி, இரண்டு ஆசிரியர்களைத் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

63 என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுமுன் இன்னொரு தேடல் வேண்டும். ஸ்டாஃப் ரூம் மேசைகள், லேப், ஹாஸ்டல், பைண்டருக்குப் போன கட்டு, ரேக்கின் பின்னால் விழுந்தவை, கால் நம்பர் (அலமாரியில் இடத்தைக் காட்டும் எண்) தவறாக எழுதப்பட்டு வேறு வரிசையில் நிற்பவை. டி.சி. வாங்கிப் போன பிள்ளைகளின் கணக்கையும் பாருங்கள். நூலகப் பாக்கி இல்லை என்ற கையெழுத்து இல்லாமல் ஆபீஸ் டி.சி. கொடுத்திருந்தால், அந்தப் புத்தகம் ஆபீஸ் வழியாகப் போனது. இதைச் சண்டையாக்காமல், டி.சி. விண்ணப்பத்தில் லைப்ரரிக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லிக் கேட்டாலே போதும், செய்தி போய்ச் சேரும்.

மிச்சத்துக்கு நீக்கல் பட்டியல்: சேர்க்கை எண் (புத்தகத்தைப் பதிவேட்டில் ஏற்றும்போது தரும் எண்), ஆசிரியர், தலைப்பு, விலை, வாங்கிய ஆண்டு, காரணம். ப்ரின்சிபல், நீங்கள், இரண்டு ஆசிரியர்கள், அக்கவுண்டன்ட் கையெழுத்து, பிறகு நிர்வாகத்தின் ஒப்புதல். சேர்க்கைப் பதிவேட்டில் அந்த வரியைச் சிவப்பு மையில் ஒற்றைக் கோடு போட்டு, ஒப்புதல் எண்ணும் தேதியும் எழுதுங்கள். அந்தச் சேர்க்கை எண்ணை இன்னொரு புத்தகத்துக்கு ஒருபோதும் போடக் கூடாது. பூசணத்தில் போனவற்றையும் இதே பட்டியலில், தனித் தலைப்பில் சேர்க்கலாம். 1931-இல் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். ஒரு புத்தகமும் தொலையாத பள்ளி நூலகம் என்றால் பிள்ளைகள் கைக்குப் போகாத நூலகம் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

டிஜிட்டல் பற்றி. "வேண்டாம்" என்று ஆரம்பிக்காதீர்கள், பழமைவாதி என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். 14-க்கு 8 என்பது சிபிஎஸ்இ இணைப்பு விதி நூலகத்துக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு. அரை அறையை வேறாக மாற்றினால் இன்ஸ்பெக்‌ஷனில் கேள்வி வரும் என்று அமைதியாக நினைவூட்டுங்கள். அதே மூச்சில் மாற்று வழியும் சொல்லுங்கள்: அறை ஓரத்தில் நான்கு கம்ப்யூட்டர், யூ.பி.எஸ்., ஒரு பார்கோடு ஸ்கேனர், இலவச நூலக மென்பொருளான கோஹா. 9,200 புத்தகத்தை ஏற்றும் வேலை ஒருவர் தலையில் ஓர் ஆண்டுக்கு மேல் விழும். 11-ஆம் வகுப்புக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளைத் தலைப்பு, ஆசிரியர், விலை தட்டச்சுக்குப் பயன்படுத்தலாம். வகுப்பெண் (புத்தகத்தின் பொருளைக் குறிக்கும் எண்) போடுவதை நீங்களே செய்யுங்கள், அங்கே நுழையும் பிழை பிற்பாடு போகாது. மழைக்காலத்தில் கரண்ட்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர் நமது. டேட்டாவைப் பள்ளி சர்வரிலேயே வைத்து, வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். பேப்பர் ரிஜிஸ்டரை இரண்டு ஆண்டாவது நிறுத்த வேண்டாம். மேடத்துக்குக் காட்ட ஒரு புது விஷயமும் கிடைக்கிறது, உங்களுக்கு வழங்கல் கணக்கு தானாக வருகிறது. இதில் இருவருக்கும் லாபம்.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரி நூலகர்

மிகவும் தெளிவாகிவிட்டது. கடைசியாக ஓர் உதவி. அந்த ஒரு பக்கத் தாள் எப்படி இருக்க வேண்டும்? ஒரு மாதிரி தர முடியுமா?

பதில் 5: கொடைக்கானல், பள்ளி முதல்வர்

லைப்ரரி பீரியடுக்கே மாதிரி தருகிறேன். எண்களை உங்கள் ரிஜிஸ்டரிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள்.

"பொருள்: லைப்ரரி பீரியட், முடிவு வேண்டி. நவம்பரில் அட்டவணைப்படி 48 பீரியட்கள். நடந்தவை 29. கணக்கு, சயின்ஸ் பாடத்துக்குப் போனவை 11. நான் வேறு வகுப்புக்குப் போனதால் நடக்காதவை 5. மழை விடுமுறை 3. அக்டோபரை விட வழங்கல் குறைந்த வகுப்புகள்: 7பி, 8ஏ, 9சி. வேண்டுவது: 1) எடுத்த பீரியட் அதே வாரம் திரும்ப வர வேண்டும். 2) ஆசிரியர் இல்லாத வகுப்பு நூலகத்துக்கு வரட்டும், வாரம் இரண்டு வரை. இரண்டும் முடியாவிட்டால் முதலாவது மட்டும். நகல்: துணை முதல்வர், டைம்டேபிள் பொறுப்பாளர்."

இவ்வளவுதான். யார் எடுத்தார்கள் என்று ஆசிரியர் பெயர் போடாதீர்கள், பாடத்தோடு நிறுத்துங்கள். பெயர் போட்டால் தாள் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்ச் சண்டையாகத் திரும்பி வரும். நன்றாக நடந்த ஒரு விஷயத்தையும் எப்போதாவது இதே மாதிரி ஒரு பக்கத்தில் அனுப்புங்கள். அசெம்பிளியில் சொல்ல ப்ரின்சிபல்களுக்கு எப்போதும் விஷயம் தேவைப்படும்.

மாதம் ஒருமுறை 15 நிமிடம், தேதி குறித்து நேரம் கேளுங்கள். முதல் வாரம் சம்பள பில், கடைசி வாரம் ரிப்போர்ட் வேலை என்று ஓடும். இரண்டாவது வாரம் புதன் அல்லது வியாழன் நல்லது, காலை அசெம்பிளி முடிந்த முதல் பீரியட் வேண்டாம்.

பட்ஜெட் தாள் தனி. ஏப்ரலில் ஆண்டு தொடங்குகிற பள்ளி என்பதால் கட்டணமும் செலவும் ஜனவரியிலேயே பேசி முடித்துவிடுவார்கள். ஈரப்பதமானி அளவுப் பக்கத்தையும் நீக்கல் பட்டியலின் நகலையும் அதோடு பின் செய்யுங்கள், புதுப் புத்தகம் ஏன் வேண்டும் என்பதற்கு அவையே காரணம் சொல்லும். நிர்வாகக் குழு கூடும் தேதியை ஆபீஸில் கேட்டு வையுங்கள்; அதற்கு ஒரு வாரம் முன்பே தாள் மேடத்தின் மேசைக்குப் போய்விட வேண்டும்.